வலப்பக்கம் உருண்டவர்

அன்று காலை பூவராகவன் மோதி பாக் குடியிருப்பில் ஒரு கட்டடம் முழுவதையும் தெருவுக்கு இறக்கிவிட்டார்.

செல்போனில் அலாரம் அடித்தது. அதை அணைப்பதற்காகக் கட்டிலில் இடப்பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். மின்விசிறி சுவருக்கு இறங்கியது, சுவர் தரைக்கு வந்தது, பீரோ தலைக்கு மேலே ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பியது. தில்லியில் குடியிருப்பவனுக்கு இப்படி நடந்தால் முதலில் தோன்றுவது ஒன்றுதான். கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "தங்கம்! பூகம்பம்! வெளிய ஓடு!" என்று கத்தினார். அக்கம்பக்கத்துக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் கத்தினார். "பூகம்ப்! பூகம்ப்!"

கட்டடமே காலியானது. மேல்மாடி சௌதரி பனியனும் பாதி மழித்த முகமுமாக இறங்கி வந்தார். அவர் மனைவி பருப்புக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் நிலநடுக்கச் செய்தியைத் தேடினார்கள். எங்கும் எதுவும் அசைந்ததாகத் தகவல் இல்லை. ஒருவர் ஆப்கானிஸ்தான் வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் எல்லோரும் பூவராகவனைப் பார்த்தார்கள். அவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரே பாய்சாப், மரம்தான் ஆடவே இல்லையே" என்றார் சௌதரி.

பூவராகவன் கடலூர் மாவட்டத்துக்காரர். நடுவண் அரசின் அமைச்சகம் ஒன்றில் சார்புச் செயலர். வயது ஐம்பத்தெட்டு. இவை அவருடைய சிறு அடையாளங்கள். பெரிய அடையாளம், தில்லி பகுத்தறிவாளர் வட்டத்தின் செயலாளர் என்பது. வட்டத்தில் பதினோரு உறுப்பினர்கள். கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள். பக்கோடா உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தால் ஏழு பேர். பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு கடவுள் மறுப்புப் பேசுகிறாரே என்று யாராவது சீண்டினால், "பேர் வைக்கறப்போ என்கிட்ட கேக்கல" என்பார். அவர் மனைவி தங்கம் செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி எதையும் விடமாட்டாள். கோவில் வாசல் வரைக்கும் அவளைக் கொண்டுபோய் விடுவார். வாசற்படியைத் தாண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த எல்லைக்கோட்டை இரண்டு தரப்பும் மதித்துவந்தன.

அன்று வீட்டுக்குள் திரும்பிவந்து மறுபடி படுத்தார். மறுபடி பூகம்பம். இந்த முறை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சற்று நேரத்தில் தானாக நின்றது.

அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு வியாதியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சௌதரி 'கேஸ்' என்றார். வயிற்றுக் காற்று தலைக்கு ஏறியிருக்கிறது, வெறும் வயிற்றில் ஓமத்தை மென்றால் இறங்கிவிடும். பிரஷர் பார்த்த டாக்டருக்கு அது சரியாக இருந்தது பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பக் காற்றடித்துப் பார்த்தும் சரியாகவே இருந்ததால், "டென்ஷன்" என்று எழுதிவிட்டார். எலும்பு டாக்டர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று கறுப்புப் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். தில்லியில் ஐம்பதைத் தாண்டிய எந்தக் கழுத்தைப் படமெடுத்தாலும் தேயாத எலும்பு கிடைக்காது. இது பூவராகவனுக்குத் தெரியாது. ஒரு கழுத்துப்பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

கழுத்துப்பட்டையால் ஒரு நன்மை விளைந்தது. ஒரு கூட்டத்தில் இணைச் செயலர் ஏதோ ஒரு கோப்பைப் பற்றி, "என்ன, எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார். எல்லாத் தலைகளும் ஆடின. பூவராகவன் தலை மட்டும் ஆட முடியாமல் நேராக நின்றது. அதை ஆழ்ந்த ஆட்சேபம் என்று எடுத்துக்கொண்டு அவர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். இத்தனை வருடமாக எழுதிவைத்த ஆட்சேபக் குறிப்புகளுக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பட்டைக்குக் கிடைத்தது.

தலைச்சுற்றல் மட்டும் போகவில்லை. அலுவலக வராந்தாவில் சுவரைத் தடவித் தடவி நடந்தார். கேன்டீனில், "மதராசி சாப் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்" என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஆயுளில் அருந்திய அதிகபட்ச போதைப்பொருள் இருமல் மருந்து.

தங்கத்தின் கணிப்பு கண் திருஷ்டி. உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சுத்திப் போடறேன், நேரா உக்காருங்க."

"ஏற்கெனவே சுத்திக்கிட்டுத்தான் இருக்குது. நீ வேற சுத்தாத."

அவர்கள் மகள் கவிதா தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். குருகிராமில் வேலை. தமிழில் தொடங்கிய வாக்கியத்தைத் தமிழிலேயே முடிப்பது அவளுக்கு அபூர்வம். அவள்தான் ஒருநாள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நான் சீரியஸா சொல்றேன். இது கழுத்து நஹீன். காது."

"காதா? எனக்குக் காது நல்லாத்தான கேக்குது. நீ ராத்திரி ரூமுல யார்கிட்டயோ கிசுகிசுன்னு பேசறதுகூடக் கேக்குது."

"அச்சா, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டேன். கரோல் பாக். சனிக்கிழமை. பஸ், அவ்ளோதான்" என்று கவிதா வேகமாக எழுந்து போய்விட்டாள்.

டாக்டர் மீனாக்ஷியின் கிளினிக் கரோல் பாக்கில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. அவள் கொள்ளுத்தாத்தா வைஸ்ராய் காலத்தில் குமாஸ்தாவாக வந்து அதே தெருவில் வாடகைக்குக் குடியேறியவர். நாலு தலைமுறை தில்லியில் ஊறியும் வீட்டுத் தமிழ் போகவில்லை; கூடவே இந்தியும் வந்து உட்கார்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவரும் கவிதாவும் கொண்டுபோன எக்ஸ்ரே, ஸ்கேன் உறைகளை ஒதுக்கிவைத்தாள்.

"இதெல்லாம் அப்பறம் பாக்கலாம் அங்கிள். முதல்ல சொல்லுங்கோ. உலகம் சுத்தறதா, நீங்க தள்ளாடறேளா?"

"உலகம்தான் சுத்துது. படுத்து இடப்பக்கம் திரும்பினா போதும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடும். ஆனா அந்த ஒரு நிமிஷத்துல செத்துடலாம்னு தோணும்."

"காது அடைப்பு, இரைச்சல், கை கால் மரத்துப்போறது, பேச்சு குழறறது, ஏதாவது?"

"எதுவும் இல்ல."

"இத்தனை டாக்டர் பாத்தாளே, யாராவது உங்களைப் படுக்கவெச்சுத் தலையைத் திருப்பிப் பாத்தாளா?"

பூவராகவன் யோசித்தார். ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். அங்கே தலையை அசைக்கவே கூடாது என்று மிரட்டினார்கள்.

"அதானே" என்று எழுந்தாள் மீனாக்ஷி. "அந்தப் பட்டையைக் கழட்டுங்கோ. எனக்குக் கழுத்தை வெச்சுத்தான் வேலையே."

அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "கண்ணை மூடாதேங்கோ. என் மூக்கையே பாருங்கோ. சுத்தும். நான் பிடிச்சிண்டிருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் அவரைச் சடாரென்று மல்லாக்கச் சாய்த்துவிட்டாள். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. நாலைந்து வினாடி ஒன்றுமில்லை. பிறகு டாக்டரின் மூக்கு கிளம்பியது. அது போன வழியே விளக்கும் ஜன்னலும் போயின.

"விடுங்கம்மா! விழறேன்! விழறேன்!"

"கட்டில்ல படுத்துண்டிருக்கேள். எங்க போய் விழுவேள்? கவிதா, இங்க வா, அப்பா கண்ணைப் பாரு."

கவிதா எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கருவிழிகள் மேல்நோக்கி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு, கூடவே ஒரு திருகலும் திருகின. அவர் தன் இஷ்டத்துக்கு ஒருநாளும் அப்படி விழித்திருக்க முடியாது. "ஹாய் ராம்" என்றாள். பகுத்தறிவாளர் வட்டச் செயலாளர் அப்போது அதைக் கண்டிக்கும் நிலையில் இல்லை.

சுழற்சி நின்றதும் மீனாக்ஷி விளக்கினாள். உள்காதில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள் சுண்ணாம்புத் துகள்கள், மணலைவிடப் பொடியாக. பக்கத்திலேயே தண்ணீர் நிரம்பிய மூன்று வளையக் குழாய்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வயதாக ஆகச் சில துகள்கள் பையிலிருந்து உதிர்ந்து குழாய்க்குள் போய்விடும். தலையைத் திருப்பினால் அவை உருண்டு, தண்ணீரைத் தள்ளி, நின்றுபோன ராட்டினத்தை ஓடுகிறது என்று மூளையை நம்பவைக்கும்.

"வலது காது 'சும்மா படுத்திண்டிருக்கோம்'ங்கறது. இடது காது 'சுத்தறோம்'ங்கறது. மூளை பாவம், யாரைத்தான் நம்பும்? வாந்தி எடுத்துடறது."

"அப்ப மாத்திரை?"

"கல்லு இடம் மாறினதுக்கு மாத்திரை என்ன பண்ணும்? கல்லைத் திரும்ப இடத்துல போட்டாப் போறும்."

போட்டாள். தொங்கிய தலையை அப்படியே வலப்பக்கம் திருப்பி நிறுத்தினாள். காத்திருந்தாள். பிறகு உடம்பையும் வலப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி முகத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பினாள். மறுபடி காத்திருந்தாள். மெதுவாக எழுப்பி உட்காரவைத்தாள். சற்று இளைப்பாறவிட்டு, மீண்டும் பழையபடி சடாரென்று சாய்த்தாள். பூவராகவன் "ஐயோ" என்று முன்னேற்பாடாகக் கத்திவிட்டார். ஒன்றுமே சுற்றவில்லை. டாக்டரின் மூக்கு முகத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதாம்மா சயின்ஸ்!" என்று இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"சயின்ஸெல்லாம் சரி அங்கிள். இது திரும்ப வரலாம். வந்தா என்கிட்ட வாங்கோ. வீடியோ பாத்து நீங்களே பண்ணிக் காரியத்தை கராப் பண்ணிடாதேங்கோ. கல்லு இந்தக் குழாயிலேர்ந்து அந்தக் குழாய்க்குப் போயிடும்."

அடுத்த சில வாரங்களுக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை. கழுத்துப்பட்டையை பால்கனியில் தொங்கவிட்டார். சௌதரியைப் படியில் மறித்து உள்காதைப் பற்றி வகுப்பெடுத்தார். வட்டத்தின் மாதக் கூட்டத்தில் 'காதுக்குள் கல்: ஓர் அறிவியல் பார்வை' என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். வீட்டிலும் பேசினார். தங்கம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தக் கல்ல காதுக்குள்ள யாரு வச்சா?"

"யாரும் வைக்கல. பரிணாமம்."

"வச்சதுதான் வச்சுது, உதிராம வைக்கத் தெரியாதா அதுக்கு?"

பூவராகவன் ஒரு பிடி கீரையை எடுத்துத் தானும் ஆயத் தொடங்கினார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் மறுபடி பீரோ கிளம்பியது. இந்த முறை அவர் பதறவில்லை. உண்மையில் கொஞ்சம் மகிழ்ச்சியாகவே இருந்தது. முறைதான் தெரியுமே. கரோல் பாக்குக்குப் போய் ஒரு சின்னப் பெண்ணிடம் தலையைக் கொடுப்பானேன்? யூடியூபைத் திறந்து கட்டில் தலைமாட்டில் செல்போனைச் சாய்த்துவைத்தார். தங்கத்தைக் கூப்பிட்டுத் தலையைப் பிடிக்கச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுதான் வேணாம்னுச்சே?"

"அது பொதுமக்களுக்குச் சொல்றது."

முதல் இரண்டு கட்டங்களும் பிசகில்லாமல் நடந்தன. மூன்றாவதாக வலப்பக்கம் ஒருக்களித்து முகத்தைத் தரைக்குத் திருப்பியபோது வீடியோ நின்று, பிரியாணி மசாலா விளம்பரம் வந்தது. ஒரு பெரிய குடும்பம் பற்கள் தெரியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என்னாங்க, ஏதோ சோத்தக் காட்டறான்."

"அதத் தள்ளு! ஓரத்துல பாரு, தள்ளறதுக்கு இருக்கும்!"

"எங்க? என் கண்ணாடி அடுப்படியில இருக்குதே!"

பூவராகவன் பொறுமையிழந்து தலையைத் தூக்கி, திரும்பி, தானே விரலால் அழுத்தினார். விளம்பரம் நின்றது. உலகம் நிற்கவில்லை. முன்பெல்லாம் சுற்றியது குடை ராட்டினம் என்றால் இது வேறு யந்திரம். இடப்பக்கம் திரும்பினாலும் சுற்றியது, வலப்பக்கம் திரும்பினாலும் சுற்றியது. இடப்பக்கம் இன்னும் ஆவேசமாக. அன்று முழுவதும் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கவிதா டாக்டருக்குப் போன் செய்யலாம் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றார். டாக்டர் சொல்லியும் கேட்காமல் செய்தேன் என்று ஒப்புக்கொள்வதைவிட வாளி மேலானதாகப் பட்டது. கவிதா அதற்குள் அலுவலக வேலையாக ஹைதராபாத் கிளம்பவேண்டியிருந்தது. "நீங்க ரொம்ப ஜித்திப்பா, ஒரே பிடிவாதம்" என்று திட்டிவிட்டுப் போனாள்.

தங்கம் மூன்றாம் நாள் பார்த்தாள். சாப்பிட்டது எதுவும் அவர் வயிற்றில் நிற்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, தலையைத் திருப்பாமல், பொம்மை மாதிரி கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முருகன் கோவில்ல வேண்டிக்கிட்டு வந்துட்டேன்."

"என்னான்னு?"

"அங்கப்பிரதட்சணம். ஒரு சுத்து."

"நான் செத்தாலும் உருள மாட்டேன்."

"உங்கள யாரு உருளச் சொன்னா? நான்தான் உருளப்போறேன்."

பூவராகவன் அவளைப் பார்க்கத் திரும்பினார். அதனால் பேச்சைத் தொடரக் கொஞ்ச நேரம் ஆனது. "உனக்கே முட்டி வீங்கிக் கெடக்குது. கல்லுத்தரையில உருண்டா என்னா ஆவறது? என் காதுக்கும் நீ உருளறதுக்கும் என்னா சம்பந்தம்?"

"நீங்க கொள்கையோட சுத்துங்க. நான் சாமியோட சுத்தறேன். ஞாயித்துக்கெழம காலையில. என்னைக் கொண்டுபோய் விட்டா போதும்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனார்கள். குடியிருப்பை ஒட்டிய சின்ன முருகன் கோவில் அது. தங்கம் குழாயடியில் தலையோடு நனைந்துகொண்டு ஈரப்புடவையோடு உள்ளே போனாள். பூவராகவன் அவளுடைய பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு வழக்கம்போல வாசற்படிக்கு வெளியே, தூணைப் பிடித்தபடி நின்றார். அங்கிருந்து பிரகாரம் தெரிந்தது. தங்கம் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க முடியாமல் ஒரு கையை ஊன்றிச் சரிந்தாள். முகம் சுளித்தது. படுத்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, முதல் புரளல் புரண்டபோது அவள் வாயிலிருந்து "அம்மா" என்று வந்தது. அது சாமியைக் கூப்பிட்டதல்ல என்பது பூவராகவனுக்குத் தெரியும். முட்டி கூப்பிட்டது.

பையைப் போட்டார். செருப்பைப் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து காத்துவந்த எல்லைக்கோட்டை இரண்டு எட்டில் தாண்டி உள்ளே போய், "எழுந்திரு தங்கம், போதும்" என்று அவளைத் தூக்கக் குனிந்தார்.

குனிந்திருக்கக் கூடாது. கோபுரம் சாய்ந்தது, தரை எழும்பிவந்தது. நல்லவேளை, முதலில் முட்டி போட்டுத்தான் விழுந்தார், அடிபடவில்லை. நெடுஞ்சாண்கிடையாக, தலை சன்னிதிப் பக்கமாக, மனைவிக்குப் பக்கத்தில் கிடந்தார்.

"அரோகரா!" என்று ஒரு குரல் எழுந்தது.

அது தீனாவின் குரல். தீனா ராணுவத்தில் ஹவில்தார். விடுமுறை ஞாயிறுகளில் கோவிலில் வரிசை ஒழுங்கு பார்ப்பார். ஆறடி உயரம், கதவு அகலம். மனைவிக்குப் பக்கத்தில் கணவரும் விழுந்ததைப் பார்த்து அவருக்குப் புல்லரித்துவிட்டது. "சாருக்கும் வேண்டுதலா? சட்டையோட உருளக் கூடாது சார்" என்று அவரை மல்லாக்கப் புரட்டிச் சட்டையைக் கழற்றினார். யாரோ செம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். யாரோ நெற்றி நிறைய விபூதியைப் பூசினார்கள். பூவராகவன் மறுப்புத் தெரிவிக்க நினைத்தார். ஆனால் வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் காலை இட்லி வந்துவிடும் என்று தெரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அதைப் பக்திப் பரவசம் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

"மெதுவா, சார். அவசரமே இல்ல. நான் தள்ளறேன்" என்றார் தீனா. வலத்தோளைப் பார்க்க ஒரு கால் திருப்பம் திருப்பினார். நிறுத்தி, "வெற்றிவேல் முருகனுக்கு" என்று நீட்டி முழக்கினார். கூட்டம் மொத்தமும் "அரோகரா" சொல்லி ஓயும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த கால் திருப்பம். குப்புறக் கிடந்தபோது மறுபடி வெற்றிவேல், மறுபடி அரோகரா. ராணுவத்தில் பயின்றவர்; ஒரு திருப்பத்தையும் அவசரப்படுத்தவில்லை, ஒரு அரோகராவையும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் புரளலில் பூவராகவன் உலகத்தின் கடைசி நாளைக் கண்டார். இரண்டாவதில் கொஞ்சம் தணிந்தது. முதல் மூலை திரும்பும்போது குமட்டல் அடங்கியது. மேற்குப் பக்கம் வந்தபோது தரையின் சில்லிப்பும், முதுகில் குத்திய நெருஞ்சியும், யாரோ ஒருவரின் கால்விரல் மெட்டியும் தனித்தனியாகத் தெரிந்தன. சுற்று முடிந்து மல்லாக்கக் கிடந்து கண்ணைத் திறந்தார். கோபுரம் நின்ற இடத்தில் நின்றது. சந்தேகமாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார். எதுவும் சுற்றவில்லை. ஒரு புறா மட்டும் நகர்ந்தது. அது உண்மையிலேயே நகர்ந்தது.

ஈரப்புடவையோடு தங்கம் ஓரமாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் தங்கையோடு போனில் பேசியது சமையலறையிலிருந்து கேட்டது. "கொள்கையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாருடி. நான் முட்டி வலியோட உருளறதப் பாக்க முடியல. 'நீ எழுந்திரு, உனக்குப் பதிலா நான் உருளறேன்'னு விழுந்துட்டாரு மனுஷன்." குரல் தழுதழுத்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பூவராகவனுக்கு நாளிதழைப் புரட்டக் கை வரவில்லை.

மறுநாள் கரோல் பாக்குக்கு ஓடினார். பிரியாணி மசாலாவிலிருந்து தீனா வரைக்கும் எதையும் மறைக்கவில்லை. மீனாக்ஷி சோதித்துப் பார்த்தாள். காது சுத்தமாக இருந்தது. பிறகு விசாரணையைத் தொடங்கினாள்.

"உருளறச்சே தலை எந்தப் பக்கம்?"

"சாமி பக்கம்."

"பிரதட்சணம்னா சன்னிதி வலது கைப் பக்கம் வரணும். அப்ப வலது பக்கமாத்தான் உருண்டிருக்கேள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நிறுத்தினாரா?"

"நிறுத்தி அரோகரா போட்டாரு. நீளமா."

மீனாக்ஷி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. "அங்கிள், நீங்க பாதியில எழுந்தேளே, அப்ப கல்லு பக்கத்துக் குழாய்க்குப் போயிடுத்து. அந்தக் குழாய்க்கு வைத்தியமே இதான். நல்ல காதுப் பக்கமா, கால் கால் திருப்பமா, நிறுத்தி நிறுத்தி உருட்டணும். புஸ்தகத்துல இதுக்குப் பேரே பார்பெக்யூ. சீக் கபாப் திருப்பறா மாதிரி. நான் சாப்டதில்லை, ஆனா பேர் அதான்."

"அப்ப சாமி இல்லை?"

"அதை என்கிட்ட கேக்காதேங்கோ, நான் காது டாக்டர். ஆனா ஒண்ணு. உங்களுக்கு இடது காதா இருந்தது அதிர்ஷ்டம். வலது காதா இருந்தா இடப்பக்கம் உருளணும். அப்பிரதட்சணமா போனா கோவில்ல உதை விழுந்திருக்கும்."

"இத எங்க வட்டத்துல வந்து சொல்ல முடியுமாம்மா?"

"சண்டே நான் தூங்குவேன் அங்கிள்."

வட்டம் அவசரமாகக் கூடியது. காரணம் ஒரு வீடியோ. வெற்றுடம்போடு, விபூதியோடு, வாயை இறுக்கி மூடிப் பரவசத்தோடு செயலாளர் உருள்வதை யாரோ படமெடுத்து, 'தள்ளாத வயதிலும் தளராத பக்தி' என்று தலைப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அது தில்லித் தமிழர்களின் எல்லா வாட்ஸப் குழுக்களையும் வலம் வந்துவிட்டது. உருண்டதுகூடப் பரவாயில்லை, ஐம்பத்தெட்டைத் தள்ளாத வயது என்று போட்டதுதான் பூவராகவனுக்குச் சுட்டது.

கூட்டம் சரோஜினி நகரில் தலைவர் பெரியண்ணன் வீட்டில். பெரியண்ணன் தணிக்கை அதிகாரி. சட்டினியைக்கூடச் சந்தேகத்தோடுதான் தொடுவார். பக்கோடா இல்லாமலே ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பூவராகவன் ஒரு தண்ணீர் பாட்டிலில் கடுகைப் போட்டுச் சாய்த்துக் காட்டி விளக்கினார். எல்லோரும் கடுகு உருள்வதைக் கவனமாகப் பார்த்தார்கள்.

"கல்லு இடம் மாறினது சரி தோழர்" என்றார் பெரியண்ணன். "நெத்தியில விபூதி எப்படி வந்தது?"

"பூசிட்டாங்க."

"அப்ப சிக்கலே இல்லை. தலைசுற்றி விழுந்தேன், என் விருப்பத்துக்கு மாறாக உருட்டிவிட்டார்கள்னு நாலு வரி அறிக்கை விடுங்க. வீடியோ போன குழுவுக்கெல்லாம் அனுப்பிடலாம். உண்மையும் அதுதானே?"

உண்மை அதுதான். அந்தக் குழுக்களில் இரண்டில் தங்கம் இருக்கிறாள் என்பதும் உண்மைதான். பூவராகவனுக்குச் சமையலறையிலிருந்து கேட்ட குரல் ஞாபகம் வந்தது. அவளுக்காக அவர் இதுவரை எதைத் தூக்கிப் போட்டிருக்கிறார் என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அறிக்கை வேணாம் தோழர். நானாத்தான் உருண்டேன்."

பெரியண்ணன் பாட்டிலைச் சுட்டிக் காட்டினார்.

"இப்பதான கடுகெல்லாம் காட்டினீங்க?"

"கடுகு வேற. நான் உருண்டது வேற. என் வீட்டம்மாவுக்காக உருண்டேன். செயலாளர் பதவிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து தங்கத்திடம் நடந்ததைச் சொன்னார். தியாகத்தை அதிகம் வெளிக்காட்டாமல், ஆனால் தெரியாமல் போய்விடாதபடியும் சொன்னார். தங்கம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, தைலக் கையால் துடைத்து, எரிச்சல் தாங்காமல் இன்னும் சிரித்தாள்.

"நீங்க தலசுத்தித்தான் விழுந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான கெடந்தேன். அந்த மிலிட்டரிக்காரர உருட்டுங்கன்னு கண்ணக் காட்டினதே நான்தான்."

"அப்ப உன் தங்கச்சிகிட்ட அழுதியே?"

"அவகிட்ட வேற எப்படிச் சொல்றது? அவ புருஷன் அவள விமானத்துல காசிக்குக் கூட்டிட்டுப் போனானாம். மாசம் ஒருதரம் சொல்லிக் காட்டறா. இப்ப என் வீட்டுக்காரர் எனக்காக உருண்டாரு. அவன உருளச் சொல்லு பாக்கலாம்."

"எம் பதவி போச்சேடி!"

"ஏழு பேருக்குப் பக்கோடா போடற பதவி." தைலப் புட்டியை மூடினாள். அவரைப் பார்க்காமல், தன் முட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உருண்டது எப்படியோ போவட்டும். என்னைத் தூக்கத்தான உள்ள வந்தீங்க. அத யாரும் தள்ளிவிடலையே."

பூவராகவன் அவளுக்கு எட்டாத இடது காலின் பின்பக்கத்துக்குத் தைலம் தேய்க்கப் புட்டியை வாங்கிக்கொண்டார். குனிந்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. எதுவும் சுற்றவில்லை.

"அழுத்தாதீங்க. நான் என்னா கல்லா?" என்றாள் தங்கம். "அடுத்த ஞாயித்துக்கெழம என் பாக்கிச் சுத்த முடிக்கணும். ஒரு உருளல்தான் ஆயிருக்குது."

"முட்டி சரியானப்புறம் பாக்கலாம்."

"அப்ப உள்ள வருவீங்களா, வெளியிலயே நிப்பீங்களா?"

"உள்ளயே நிக்கறேன்" என்றார் பூவராகவன். "ஆனா அந்த மிலிட்டரிக்காரன் லீவுல இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாரு."